கோழி அடையும் கம்பும் கீழே விழும் எச்சமும்

கோழி வளர்க்கிறோம் என்று தெரிந்ததும் எல்லோரும் முதலில் கேட்பது முட்டையைப் பற்றி இல்லை. "வீட்டை ஒட்டியே கூடு வெச்சிருக்கீங்களே, நாத்தம் அடிக்கலையா?" என்றுதான். அடிக்கவில்லை. அடிக்க விடவும் முடியாது. பின்பக்க வராந்தாவில்தான் என் தையல் மிஷின் இருக்கிறது. அங்கிருந்து கோழிக்கூடு 15 அடி தூரம். முகூர்த்தத்துக்குத் தைக்கக் கொடுத்த பட்டு ஜாக்கெட்டில் லேசாக வாடை ஏறினாலும் அந்த வீட்டிலிருந்து அப்புறம் யாரும் என்னிடம் வரமாட்டார்கள்.

எங்கள் வீடு ஒத்தக்கடைப் பக்கம். மொட்டைமாடியில் நின்றால் யானைமலை முழுசாகத் தெரியும். மொத்த இடமே 3 சென்ட். வீடு போக மிச்சத்தில் ஒரு முருங்கை, ஒரு கொய்யா, துவைக்கிற கல், கோழிக்கூடு. சிறுவிடை என்கிற சின்ன உடம்பு நாட்டுக்கோழியில் பெட்டைகள் 11, சேவல் ஒன்று, அவ்வப்போது அடை வைத்து இறங்கும் குஞ்சுகள். இரண்டு பக்கமும் சுவரை ஒட்டி வீடுகள். தோட்டத்தில் வளர்ப்பவர்களுக்கு இருக்கிற தாராளம் இங்கே கிடையாது. தெருவுக்குள் கோழி வளர்க்க நினைப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எச்சம் என்றதும் எல்லோரும் துடைப்பத்தையும் தண்ணீரையும் நினைக்கிறார்கள். நான் முதலில் நினைப்பது கம்பை. ஒரு கோழி ஒரு நாளில் போடுகிற எச்சத்தில் ஏறக்குறைய பாதி, ராத்திரி அடைந்திருக்கும்போது விழுவது. பகலில் போடுவது கொல்லை முழுக்கச் சிதறி, அதுவே கிண்டிக் கிளறி, மண்ணோடு கலந்து வெயிலில் காய்ந்துவிடும். ராத்திரியில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. உட்கார்ந்த இடத்தை விட்டு விடியும்வரை நகராது. எச்சம் அத்தனையும் ஒரே இடத்தில் குவியும். அப்படியானால் நாம் கம்பு கட்டுகிற இடம்தான் எச்சம் விழுகிற இடம். அதை நம் வசதிக்கு அமைத்துக்கொண்டால் சுத்தம் செய்கிற வேலையில் பெரும்பகுதி அங்கேயே முடிந்தது.

என் அத்தை மேலூர்ப் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவர். அவர்கள் வீட்டில் கோழியைப் பஞ்சாரம் என்கிற பெரிய கூடையைப் போட்டுத்தான் கவிழ்ப்பார்களாம். "இன்னைக்கு இங்கிட்டு கவுத்தா நாளைக்கு அங்கிட்டு கவுப்போம். விடிஞ்சதும் கூட்டித் தள்ளிட்டு சாணி தெளிச்சிருவோம், அம்புட்டுத்தேன்" என்பார். யோசித்துப் பார்த்தால் அது எவ்வளவு நல்ல ஏற்பாடு! பஞ்சாரம் இடம் மாறிக்கொண்டே இருப்பதால் எச்சம் எங்கேயும் சேராது. ஆனால் அதற்கு இடம் வேண்டும், மண் தரை வேண்டும். 12 கோழிக்கு எத்தனை பஞ்சாரம் போடுவது? அதனால் நிலையான கூடுதான் எங்களுக்குச் சரி. அதிலும் அத்தை சொன்ன ஒன்றை அப்படியே எடுத்துக்கொண்டோம்: "ஏத்தா, கோழிக்கு உசரம் வேணும். நீ குடுக்கலைன்னா அது தேடிப் போயிரும்."

அது உண்மை. கோழியினத்துக்கு மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழி இரவில் மரக்கிளையில்தான் அடையும். அந்தக் குணம் நம் சிறுவிடைக்கு இன்னும் அப்படியே இருக்கிறது. கூட்டுக்குள் உயரமான கம்பு இல்லையென்றால் முருங்கையில் ஏறும், மதில் மேல் ஏறும், வீட்டுக்காரர் வண்டி சீட்டின் மேல் ஏறும். அங்கெல்லாம் மரநாய்க்கும் பூனைக்கும் பயம். காலையில் சீட்டைக் கழுவுகிற வேலை வேறு. கூட்டுக்குள்ளேயும் அதே கணக்குத்தான். உள்ளே எது உயரமோ அதில்தான் உட்காரும். முட்டையிடும் பெட்டியைக் கம்பைவிட உயரத்தில் வைத்தால் அதில் போய்த்தான் தூங்கும், காலையில் முட்டை எச்சத்தில் கிடக்கும். அதனால் முட்டைப் பெட்டி தரையிலிருந்து ஒரு அடியில், கம்பு இரண்டரை அடியில். பெட்டியின் மேல்பலகையை நன்றாகச் சாய்த்து அடித்திருக்கிறோம், அதன்மேல் நின்று தூங்க முடியாது.

எந்தக் கம்பு என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. மூங்கில் வேண்டாம். வழவழவென்று இருக்கும், கோழிக்குப் பிடி கிடைக்காது. கணுவிலும் வெடித்த இடத்திலும் செல்லு, அதாவது கோழியின் ரத்தம் குடிக்கும் குட்டிப் பூச்சி, குடியேறிவிடும், உள்ளே பொந்தாக இருப்பதால் துடைத்து எடுக்கவும் முடியாது. இரும்புக் குழாயும் பிவிசி குழாயும் சுலபமாகக் கிடைக்கும், கழுவுவதும் சுலபம், ஆனால் வழுக்கும். சவுக்குக் கம்புதான் சிறந்தது. பந்தல் போடுகிறவர்களிடம் கேட்டால் துண்டுக் கம்பு கிடைக்கும். இரண்டு அங்குல கனம் இருக்க வேண்டும். மெல்லிய குச்சியாக இருந்தால் கோழியின் முழுப் பாரமும் பாதத்தில் ஒரே இடத்தில் இறங்கும். பட்டையை முழுவதும் உரித்துவிட வேண்டும், ஏனென்றால் பூச்சி ஒளிவது பட்டைக்கு அடியில்தான். உரித்தபின் கணுக்களை அரம் வைத்துத் தேய்த்து, உப்புத்தாளால் ஒரு ஓட்டு ஓட்டினால் போதும். ரொம்பவும் வழவழப்பாக்கத் தேவையில்லை.

கம்பை ஆணி அடித்து நிறுத்தவே கூடாது. இரண்டு முனையிலும் கவட்டைக் கம்பு நட்டு, அதன்மேல் சும்மா தூக்கி வைத்திருக்கிறோம். உருளாமல் இருக்க ஒரு சுற்றுக் கயிறு. வேண்டும்போது கழற்றி மொட்டைமாடியில் போடலாம். கழற்ற முடியாத கம்பை யாரும் ஒழுங்காகச் சுத்தம் செய்து நான் பார்த்ததில்லை.

சிறுவிடைக்குத் தலைக்கு 8 அங்குல இடம் இருந்தால் நெருக்கமாகவும் இருக்கும், சண்டையும் வராது. பெருவிடை மாதிரி கனத்த கோழிக்கு 10 அங்குலம் விட வேண்டும், உயரத்தையும் இரண்டு அடிக்குள் வைக்க வேண்டும். இல்லையென்றால் காலையில் அது தொப்பென்று சிமெண்ட் தரையில் குதித்துக் குதித்துப் பாதத்தின் அடியில் புண் வந்து, கறுப்புப் பொருக்கோடு வீங்கி நொண்டும். எங்களிடம் இரண்டு கம்பு. இரண்டும் ஒரே உயரம். ஒன்று மேலே ஒன்று கீழே இருந்தால் எல்லாமே மேல் கம்புக்குத்தான் அடித்துக்கொள்ளும், தோற்றுப்போன கோழி கீழே உட்கார்ந்து மேலே இருப்பதன் எச்சத்தை முதுகில் வாங்கும். கம்புக்கும் சுவருக்கும் ஒரு அடி, கம்புக்கும் கம்புக்கும் ஒரு அடிக்குக் கொஞ்சம் கூட. சுவரை ஒட்டிக் கட்டினால் வாலும் கெடும், சுவரில் எச்சம் வழிந்து காய்ந்து சிமெண்ட் பூச்சு மாதிரி ஒட்டிக்கொள்ளும். தண்ணீர்ப் பாத்திரமும் தீவனத் தட்டும் கம்புக்குக் கீழே வரவே கூடாது. இதைச் சொல்லவே வேண்டாம் என்று தோன்றும், ஆனால் நான் பார்த்த கூடுகளில் பாதியில் அப்படித்தான் இருக்கிறது.

கம்புக்குக் கீழே தரையை அப்படியே விடாமல், தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் ஒரு பலகை போட்டிருக்கிறோம். அதன்மேல் பழைய ஃப்ளெக்ஸ் பேனர். மதுரையில் ஃப்ளெக்ஸுக்கா பஞ்சம்? காதுகுத்து, சடங்கு, கட்சி விழா என்று தெருவுக்குத் தெரு கட்டுகிறார்கள், விழா முடிந்ததும் கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள். எச்சம் அதில் ஊறாது, ஒட்டினாலும் உரிந்து வரும். பின்பக்கத்தை மேலே வருகிற மாதிரிதான் விரிப்போம். யாருடைய முகத்தின் மேலும் கோழி எச்சம் விழ வேண்டாம் என்பது என் எண்ணம். பேனரின் மேல் காய்ந்த செம்மண்ணைச் சலித்து விரல் கனத்துக்குப் பரப்பிவிடுவேன். ராத்திரி விழுகிற எச்சம் அந்த மண்ணில் உருண்டு, காலைக்குள் மேல்தோல் காய்ந்துவிடும். விடிந்து கோழிகளைத் திறந்துவிட்டதும் கொத்தனார் கரண்டியால் ஒரு சுரண்டு, பழைய சோற்றுச் சட்டியில் அள்ளல், மேலே கொஞ்சம் புது மண். டீ கொதிக்கிற நேரத்துக்குள் முடிந்துவிடும்.

தினமும் செய்ய முடியாதவர்கள் இரண்டு நாளைக்கு ஒருமுறையாவது செய்யுங்கள். வாரக்கணக்கில் விடவே கூடாது, ஈதான் காரணம். நம் ஊர் வெக்கையில் ஈ முட்டை, புழுவாகிக் கூடாகி, மறுபடி ஈயாகப் பறப்பதற்கு 7 முதல் 10 நாள் போதும். அதற்கு முன்னாலேயே எச்சத்தை அங்கிருந்து எடுத்துவிட்டால் நம் கூட்டில் ஈ பிறக்காது. பக்கத்து வீட்டு அக்கா வாடைக்கு முன்னால் முகம் சுளிப்பது ஈக்குத்தான்.

சாம்பலும் சுண்ணாம்பும் போடலாமா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். போடலாம், ஆனால் ஈர எச்சத்தின்மேல் போடாதீர்கள். கோழிக்குத் தனியாக மூத்திரம் கிடையாது. எச்சத்தின் மேல் வெள்ளையாகத் தொப்பி மாதிரி இருக்கிறதே, அதுதான் அதன் மூத்திர உப்பு, யூரிக் அமிலம். ஈரம் இருந்தால் நுண்ணுயிர்கள் அதை அம்மோனியாவாக மாற்றும். மூக்கைத் துளைக்கிற அந்த நெடி அதுதான். சாம்பலும் சுண்ணாம்பும் காரத்தன்மை உள்ளவை. ஈர எச்சத்தில் காரம் சேர்ந்தால் அதில் அடங்கியிருக்கிற அம்மோனியாவும் கிளம்பி மேலே வரும். சுண்ணாம்பு போட்ட அன்றைக்குத்தான் நெடி அதிகம் என்று சொல்பவர்கள் சரியாகத்தான் சொல்கிறார்கள். நான் எல்லாவற்றையும் கூட்டி எடுத்து, தரை நன்றாகக் காய்ந்தபின் சுண்ணாம்பு தூவி, ஒரு நாள் பகல் முழுக்கத் திறந்து வைத்து, அதன்பின் புதுக் கூளம் போடுவேன். சாம்பலுக்கு வேறு நல்ல இடம் இருக்கிறது. கொய்யா மரத்தடியில் பழைய லாரி டயர் ஒன்றில் மணலும் சாம்பலும் கலந்து வைத்திருக்கிறேன். கோழிகள் அதில் புரண்டு குளிக்கும், பேனுக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை.

கூட்டின் மற்ற தரைக்கு நெல் உமி, 3 அங்குல கனம். சோழவந்தான், வாடிப்பட்டிப் பக்கம் ரைஸ் மில்களில் மூட்டையாகக் கிடைக்கும். உமி அதிகமாக ஈரம் குடிக்காது, ஆனால் சீக்கிரம் காயும், கோழி கிண்டுவதற்கும் லேசாக இருக்கும். கடலைத் தொலியும் நல்லதுதான், பூஞ்சை பிடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மரத்தூள் என்றால் இழைப்புச் சுருள் வாங்குங்கள், மாவு மாதிரி இருக்கிற தூள் கோழியின் மூச்சுக்கு ஆகாது. தென்னைநார்க் கழிவு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு விடாது, எனக்குப் பிடிக்கவில்லை. மாலையில் கூளத்தின் மேல் ஒரு பிடி கம்பு தானியத்தை வீசிவிட்டால் கோழிகளே கிளறிப் புரட்டிவிடும். ஒரு கைப்பிடி கூளத்தை அள்ளி இறுக்கிப் பார்ப்பேன். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் சரி. உருண்டையாக நின்றால் எங்கேயோ தண்ணீர் கசிகிறது என்று தேடுவேன். பெரும்பாலும் தண்ணீர்ப் பாத்திரம்தான். அதைக் கோழியின் முதுகு உயரத்துக்குத் தூக்கிக் கட்டினால் சிந்துவது குறையும்.

காற்றோட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இவ்வளவு சொன்னதும் வீண். கூட்டின் மூன்று பக்கமும் வலைதான். நம் ஊர் வெயிலுக்கு மூடிய கூடு கட்டவே கூடாது. கூரைக்குச் சற்றுக் கீழே ஒரு அடி எப்போதும் திறந்தே இருக்கும், மழைக்காலத்திலும் அதை அடைப்பதில்லை. காலையில் திறப்பதற்கு முன்னால் கம்பின் உயரத்துக்கு என் முகத்தைக் கொண்டுபோய் மூச்சு இழுத்துப் பார்ப்பேன். கோழி ராத்திரி முழுக்க அந்தக் காற்றைத்தான் சுவாசித்திருக்கிறது. கோழிப் பண்ணைகளில் அம்மோனியா 25 பிபிஎம், அதாவது காற்றில் பத்து லட்சத்துக்கு 25 பங்கு, தாண்டக்கூடாது என்று வைத்திருக்கிறார்கள். நம் கண் கரிக்கிறது என்றால் அந்த அளவைத் தாண்டியிருக்க வாய்ப்பு உண்டு, கோழிக்குக் கண்ணும் மூச்சுக்குழலும் கெட ஆரம்பித்திருக்கும்.

இனி எனக்கு இதில் ரொம்பப் பிடித்த பகுதி. பலகையைத் தினமும் சுரண்டுவதில் சுத்தத்தைவிடப் பெரிய லாபம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு கோழியும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் உட்காரும். எங்கள் கருப்பி சுவரோரம், செவலை அதற்கு அடுத்தது, சேவல் நடுவில். ராத்திரி எந்தக் கோழியின் வயிறு எப்படி இருந்தது என்பது காலையில் பலகையில் வரிசையாக எழுதி வைத்திருக்கும்.

நல்ல எச்சம் உருண்டு கெட்டியாக, சாம்பலும் பழுப்புமாக, மேலே வெள்ளைத் தொப்பியோடு இருக்கும். ஏழெட்டுக்கு ஒன்று பழுப்பு நிறத்தில் பிசுபிசுவென்று, வெள்ளையே இல்லாமல், தாங்க முடியாத வாடையோடு இருக்கும். புதிதாக வளர்ப்பவர்கள் அதைக் கண்டு கழிச்சல் என்று பயந்துவிடுகிறார்கள். பயப்பட ஒன்றும் இல்லை. கோழிக்குக் குடல் முடிவில் இரண்டு பைகள் உண்டு, அவை காலியாகும்போது அப்படித்தான் வரும். அது வருகிறது என்றால் குடல் ஒழுங்காக வேலை செய்கிறது. அடைக்கோழி போடுவதைப் பார்த்தால் இன்னும் அதிர்ச்சியாக இருக்கும். நாளில் ஒரு தடவைதான் முட்டையை விட்டு இறங்கும், முழு நாளுக்கும் சேர்த்து எலுமிச்சம்பழ அளவில் ஒன்று போடும், வாடை எட்டு ஊருக்கு அடிக்கும். அதுவும் இயல்புதான். முட்டைமேல் போடாமல் அடக்கி வைத்திருக்கிறதே என்று அதன் பொறுப்பை நினைத்து நான் சந்தோஷப்படுவேன். அக்னி நட்சத்திர வெயிலில் நிறையத் தண்ணீர் குடிப்பதால் எல்லாமே நீர்த்துப்போய் விழும். கீரையும் அருகம்புல்லும் தின்றால் பச்சை. நாவல்பழம் பொறுக்கித் தின்ற நாளில் ஊதா.

பயப்பட வேண்டியவை வேறு. பச்சையும் வெள்ளையுமாக நீராகக் கழிந்து, கோழி இறக்கையைத் தொங்கப் போட்டு, தலையை உள்ளுக்கு இழுத்துக்கொண்டு தூங்கி வழிந்தால் அது வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம், ராணிக்கெட் என்பதும் அதுதான். அந்தக் கோழியை அப்போதே தனியாக்கிவிட்டுக் கால்நடை மருத்துவரைப் பார்க்க வேண்டும். வந்தபின் மருந்தில்லை, தடுப்பூசி ஒன்றுதான் வழி. குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணில் சொட்டு, பிறகு 8 வாரத்தில் இறக்கையில் ஊசி. பிப்ரவரி வாக்கில் கால்நடை பராமரிப்புத் துறை கிராமம் கிராமமாக இலவச முகாம் போடும், அதை விட்டுவிடாதீர்கள். எச்சத்தில் ரத்தம் தெரிந்தால் ரத்தக்கழிச்சல் என்று சந்தேகப்படுங்கள், முக்கியமாகக் குஞ்சுகளுக்கு. அதற்கு மருந்து உண்டு, தாமதிக்காமல் கொடுத்தால் காப்பாற்றலாம். சமைத்த அரிசி மாதிரி வெள்ளைத் துணுக்குகள் எச்சத்தில் தெரிந்தால் நாடாப்புழு. மருத்துவரிடம் போகும்போது அந்த எச்சத்தையே ஒரு சின்ன டப்பாவில் எடுத்துப்போங்கள். நாம் வாயால் விவரிப்பதைவிட அது தெளிவாகச் சொல்லும்.

கம்பையும் அப்படித்தான் சோதிக்க வேண்டும், ஆனால் ராத்திரியில். கோழியில் செல்லுப் பூச்சி பகலில் தேடினால் கிடைக்காது. கம்பின் இடுக்கில், கவட்டை சேருகிற இடத்தில் ஒளிந்திருந்து, இருட்டியதும் வெளியே வந்து ரத்தம் குடித்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். இருட்டி ஒரு மணி நேரம் கழித்துப் போய், வெள்ளைத் துணி ஒன்றைக் கம்பின் அடிப்பக்கத்தில் அழுத்தி இழுத்துப் பார்ப்பேன். எனக்கு வெட்டுத்துணிக்குக் குறைவில்லை. துணியில் சிவப்புச் சிவப்பாகக் கோடு விழுந்தால் பூச்சி இருக்கிறது. மறுநாளே கம்பைக் கழற்றி, கொதிநீர் ஊற்றித் தேய்த்து, மொட்டைமாடி வெயிலில் இரண்டு நாள் கிடத்தி, வேப்பெண்ணெய் தடவித் திரும்ப வைப்பேன். கொண்டை வெளிறிப்போவது, முட்டை குறைவது, பொழுது சாய்ந்தும் கோழி கம்பில் ஏறாமல் வெளியே நின்று தயங்குவது, இதெல்லாம் அதற்கான அறிகுறி. கோழி அடைய மறுத்தால் அதை அடிக்கவோ துரத்தவோ வேண்டாம், கம்பைப் பாருங்கள்.

மழைக்காலம் தனிக் கவலை. ஐப்பசி, கார்த்திகையில்தான் மதுரைக்கு நல்ல மழை. வடகிழக்கிலிருந்து சாரல் அடிக்கும். அந்தப் பக்கத்துக்குத் தார்ப்பாய், மேலே ஒரு அடி திறப்பை விட்டு. கூட்டின் தரை வெளித்தரையைவிட அரை அடி உயரமாக இருக்க வேண்டும். புரட்டாசி முடிவதற்குள் நான்கு மூட்டை உமியும் ஒரு டிரம் சலித்த மண்ணும் காய்ந்த நிலையில் சேர்த்துவிடுவேன். அடைமழையில் மண் காயவைக்க வழி இருக்காது. அந்த நாட்களில் ஃப்ளெக்ஸைக் காலையும் மாலையும் சுரண்டுவேன்.

சுரண்டி எடுத்ததை என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. அது பொன் மாதிரி எரு, ஆனால் பச்சையாகப் போட்டால் செடி கருகிவிடும். மாட்டுத் தொழு உரத்தில் தழைச்சத்து அரை சதவீதம் என்றால் கோழி எருவில் 3 சதவீதம் வரை இருக்கும், மணிச்சத்தும் அதே மாதிரி பல மடங்கு. அவ்வளவு வீரியத்தைச் செடி தாங்காது. துவைக்கிற கல்லுக்குப் பின்னால் செங்கல் அடுக்கி ஒரு தொட்டி வைத்திருக்கிறோம். ஒரு சட்டி எச்சம் போட்டால் மூன்று சட்டி சருகு போட வேண்டும். வேப்பஞ்சருகு, கொய்யா இலை, கிழித்த அட்டைப்பெட்டி, என்ன கிடைக்கிறதோ அது. சருகு குறைந்தால் தொட்டியே நாறும். பிழிந்தால் சொட்டாத அளவு ஈரம், மேலே ஒரு சாக்கு. உள்ளே கையை விட முடியாத அளவுக்குச் சூடேறும், அந்தச் சூட்டில்தான் கிருமியும் புழுவும் சாகும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மம்பட்டியால் புரட்டிப் போட்டால் மூன்று நான்கு மாதத்தில் கறுப்பாக, மழை பெய்த மண் வாசத்தோடு கிடைக்கும். வாசம் அப்படி வரும்வரை எதற்கும் போடமாட்டேன். காய்ந்த எச்சத்தைக் கிளறும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், பிள்ளைகளையும் கழுவச் சொல்லுங்கள்.

எங்கள் எருவில் பாதி என் அண்ணன் தோட்டத்துக்குப் போகிறது. திருமங்கலம் பக்கம் மல்லிகை போட்டிருக்கிறார். 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே மதுரை மல்லிதான். கார்த்திகையில் கிளைகளை வெட்டிக் கவாத்துப் பண்ணி முடித்ததும் செடிக்கு இதை வைப்பார். "உன் கோழி எரு வெச்ச பாத்தியில மொக்கு திடமா இருக்குத்தா" என்று அவர் சொன்னபோது எனக்கு ஒரு வாரம் தரையில் கால் பாவவில்லை. பதிலுக்கு மூட்டை மூட்டையாகச் சருகு கொண்டுவந்து தருகிறார், என் தொட்டிக்கு அதுதான் எப்போதும் தட்டுப்பாடு.

குஞ்சுகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இப்போது எங்கள் வீட்டில் 9 குஞ்சுகள் இருக்கின்றன. அவை தாயோடு தரையில்தான் அடையும். அவற்றுக்குத் தனியாகப் பஞ்சாரம், கீழே உமி, அதையும் தினமும் இடம் மாற்றி வைக்கிறேன். ரத்தக்கழிச்சலை உண்டாக்கும் கிருமி எச்சத்தில் வெளியே வந்து, ஈரமும் சூடும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் தொற்றுகிற பக்குவத்துக்கு வந்துவிடும். 3 முதல் 6 வாரக் குஞ்சுகள்தான் அதில் அதிகம் அடிபடும். அதனால் அந்த வயதில் காய்ந்த தரையைவிட முக்கியமானது ஒன்றும் இல்லை. இரண்டு மாதம் நெருங்கும்போது குஞ்சுகளே உயரம் தேட ஆரம்பிக்கும். அப்போது ஒரு அடி உயரத்தில், ஒரு அங்குல கனத்தில் சின்னக் கம்பு ஒன்று வைத்தால் பழகிக்கொள்ளும். அதில் நாலு நாள் ஒழுங்காக அடைந்துவிட்டால், ஒரு ராத்திரி இருட்டியபின் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பெரிய கம்பின் ஓரத்தில் உட்கார வைத்துவிடுங்கள். இருட்டில் பெரிய கோழிகள் கொத்தாது. விடிந்ததும் எல்லாம் ஒன்றாகவே இறங்கி வரும்.